போன் கேமராவில் ஃபோகஸ்: எந்த மோடு, எந்த நேரம், எந்த வரிசை

வீட்டிலிருந்தே நகையும் புடவையும் விற்கும் சிலருக்குப் போனில் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். முதல் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு டெரகோட்டா ஜிமிக்கிப் படத்தைக் காட்டுவார். ஜிமிக்கி மசமசவென்று இருக்கும். அதற்குக் கீழே விரித்த துணியோ இழை இழையாகத் தெரியும். “அண்ணா, கட்டம் ஜிமிக்கி மேலதான் இருந்துச்சு. அப்புறம் ஏன் இப்படி?”

திரையில் தொட்டதும் வரும் அந்த ஃபோகஸ் கட்டம் ஜிமிக்கி மேல் இருந்தது உண்மைதான். ஆனால் போன் ஜிமிக்கியைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. லென்ஸை ஒரு தூரத்துக்கு நிறுத்துகிறது, அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் எது இருக்கிறதோ அது தெளிவாக விழும். ஃபோகஸ் என்பது இதுதான். ஆட்டோ, டச், லாக், மேக்ரோ, மேனுவல் என்று எத்தனை பெயர் இருந்தாலும் கேள்வி ஒன்றே: தூரத்தை முடிவு செய்வது நீங்களா, போனா? முடிவு செய்த தூரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

முதல் மூன்று படிகளும் ஆயத்தம். அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பிறகு “போனையே மாத்திடலாமா?” என்று கேட்கிறார்கள்.

1. லென்ஸைத் துடைத்து, கவரைக் கழற்றிப் பாருங்கள்

பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று போதும். வாயால் லேசாக ஊதி ஈரம் படரவிட்டு, வட்டமாகத் துடையுங்கள். நாள் முழுக்க விரல் படும் இடம் அது. தலைக்கு எண்ணெய் தடவிய கை பட்டால் கேட்கவே வேண்டாம். எண்ணெய்ப் படலம் இருந்தால் விளக்கைச் சுற்றி ஒளி வழியும், படம் முழுவதும் பால் ஊற்றியது போல வெளுக்கும். போனுக்கும் ஓரங்கள் சரியாகத் தெரியாது, ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும்.

லென்ஸ் மேல் தனியாகக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். என் பழைய போனுக்கு ஒரு கடையில் அப்படி ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அடியில் தூசி புகுந்திருந்தது. உரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

காந்தம் உள்ள கவரும் தொல்லை தரலாம். போனின் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவது ஒரு சின்னக் கம்பிச்சுருளும் காந்தமும்தான். பக்கத்தில் இன்னொரு வலுவான காந்தம் வந்தால் அந்த நகர்வு பிசகும். கவரோடு ஒரு படம், கவர் இல்லாமல் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

2. எந்த லென்ஸுக்கு ஃபோகஸ் உண்டு, எவ்வளவு கிட்டே போகலாம் என்று அளந்துகொள்ளுங்கள்

பின்னால் மூன்று கண் இருப்பதால் மூன்றும் ஃபோகஸ் செய்யும் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த போன்களில் அகலக் கோண லென்ஸ், 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ், செல்ஃபி கேமரா ஆகியவை பெரும்பாலும் நிலையான ஃபோகஸ் கொண்டவை. அங்கே லென்ஸ் நகரவே நகராது.

சோதிப்பது சுலபம். ஒவ்வொரு லென்ஸிலும் கையை ஒரு சாண் தூரத்தில் நீட்டித் திரையில் தொடுங்கள். அப்புறம் தூரத்துச் சுவரைத் தொடுங்கள். ஃபோகஸ் உள்ள லென்ஸில் படம் ஒரு கணம் மங்கித் தெளியும், சற்றே விரிந்து சுருங்கும். நிலையான லென்ஸில் வெளிச்சம் மட்டும் கூடிக் குறையும். சில போன்கள் அங்கேயும் மஞ்சள் கட்டம் காட்டும். அது வெளிச்சத்துக்கான கட்டம். தெளிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, பக்கத்தில் ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். முதன்மைக் கேமராவை 1x-இல் வைத்து எழுத்தைத் தொட்டுக்கொண்டே மெல்லக் கீழே இறக்குங்கள். ஓரிடத்துக்குக் கீழே எழுத்து என்ன செய்தாலும் தெளியாது. அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல போன்களில் 8 முதல் 15 செ.மீ. வரும். பெரிய சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லு) வைத்த விலை கூடிய போன்களில் 20 செ.மீ. தாண்டவும் செய்யும். “இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன், கிட்டே போனால் மங்கலாகிறது” என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். சென்சார் பெரிதாகும்போது லென்ஸின் குவியத் தூரமும் (தூரத்து ஒளியை லென்ஸ் குவிக்கும் தொலைவு) கூடும். கிட்டே உள்ளதைத் தெளிவாக்க லென்ஸ் அதிகம் நகர வேண்டும், தட்டையான போனுக்குள் அதற்கு இடம் இல்லை.

வகுப்பில் நான் பார்க்கும் மங்கல் படங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் நுழைந்து எடுத்தவை. எந்த மோடை மாற்றினாலும் அவை தெளியாது. மருந்து ஒன்றுதான்: பின்னால் வாருங்கள், 2x வைத்து எடுங்கள், அல்லது எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

3. மங்கல் எந்த ரகம் என்று பிரித்துப் பாருங்கள்

மங்கலாக வந்ததெல்லாம் ஃபோகஸ் பிழை இல்லை. மோடைத் திருகுவதற்கு முன், எடுத்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள்.

படத்தில் வேறு ஏதாவது ஒரு பகுதி கூர்மையாக இருக்கிறதா? துணி தெளிவு, ஜிமிக்கி மங்கல் என்றால் ஃபோகஸ் தூரம் தப்பியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கோடு இழுத்திருந்தால் கை ஆடியிருக்கிறது. நின்ற பொருளெல்லாம் தெளிவாகவும் ஓடிய குழந்தை மட்டும் இழுத்தும் இருந்தால் ஷட்டர் மெதுவாக, அதாவது ஒளி விழும் நேரம் நீளமாக, இருந்திருக்கிறது. இரண்டுக்கும் வெளிச்சம் கூட வேண்டும். ஃபோகஸ் மோடு உதவாது. எதுவுமே கூர்மையில்லாமல் படம் முழுக்க வெள்ளைப் பூச்சாக இருந்தால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

4. ஆட்டோவை எப்போது அப்படியே விடலாம்

கேமராவைத் திறந்ததும் இருப்பது தொடர் ஆட்டோ ஃபோகஸ். போன் தானாகவே முகத்தையோ நடுவில் இருப்பதையோ தேர்ந்தெடுக்கும். காட்சி மாறியதும் மறுபடி தேடும். தூரத்தை முடிவு செய்வதும் போன், நினைத்த நேரத்தில் மாற்றுவதும் போன்.

இதை விட்டுவிடலாமா என்பதைத் தூரம் சொல்லிவிடும். நடுத்தர சென்சார் உள்ள ஒரு போனின் முதன்மை லென்ஸுக்கு நான் போட்ட தோராயக் கணக்கு இது. 10 செ.மீ. தூரத்தில் முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 மி.மீ. 30 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. ஒரு மீட்டரில் 60 செ.மீ. மூன்று மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் வைத்தால் பின்னால் மலை வரை எல்லாம் தெளிவு.

ஆகவே குடும்பம் வாசலில் நின்று எடுக்கும் படம், கோயில் கோபுரம், பேருந்து நிலையம், வயல் இவற்றுக்கெல்லாம் ஆட்டோ போதும். அங்கே கட்டத்தைத் தேடித் தேடித் தொடுவது வீண் வேலை. கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் ஆட்டோவை நம்பாதீர்கள். 6 மி.மீ. என்பது ஒரு ஜிமிக்கியின் பாதி கூட இல்லை.

5. தொட்டு ஃபோகஸ் செய்யும் வரிசை

தொடுவது எல்லோருக்கும் தெரியும். வரிசைதான் தெரிவதில்லை. முதலில் சட்டகத்தை முடிவு செய்யுங்கள்: எவ்வளவு தூரம், எந்தக் கோணம். அப்புறம் தொடுங்கள். கட்டம் சுருங்கி நிற்கும்வரை பொறுங்கள். பிறகு மூச்சை நிறுத்தி ஷட்டரை அழுத்துங்கள்.

பெரும்பாலோர் செய்வது தலைகீழ். தொட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் கிட்டே போவோம்” என்று இரண்டு செ.மீ. முன்னால் நகர்கிறார்கள். தூரம் மாறிவிட்டது, லென்ஸ் பழைய தூரத்திலேயே நிற்கிறது. அந்த ஜிமிக்கிப் படம் அப்படித்தான் கெட்டது. ஷட்டர் பொத்தானைக் கட்டைவிரலால் எட்டி அழுத்தும்போதும் போன் முன்னால் சாயும். கிட்டத்துப் படத்துக்கு ஒலிப் பொத்தானையோ 2 விநாடி டைமரையோ பயன்படுத்தினால் அது குறையும்.

எங்கே தொடுவது என்பதும் முக்கியம். போன் தூரத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓரங்களைப் பார்த்து: கருப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடம், மணியின் விளிம்பு, ஜரிகைக் கோடு. வெறும் வெள்ளைச் சுவரையோ வழவழப்பான பட்டின் நடுப்பகுதியையோ தொட்டால் பிடிக்க எதுவும் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். புடவை என்றால் உடலைத் தொடாமல் கரை தொடங்கும் கோட்டைத் தொடுங்கள். முகம் என்றால் நெற்றி வேண்டாம்; நமக்குக் கிட்டே இருக்கும் கண்ணைத் தொடுங்கள்.

ஒரு சின்ன வித்தை. பல போன்களின் சென்சார், லென்ஸின் இடப் பாதி வழியே வரும் ஒளியையும் வலப் பாதி வழியே வரும் ஒளியையும் ஒப்பிட்டுத்தான் தூரத்தைக் கணிக்கிறது. அதனால் நிமிர்ந்த கோடுகள் சுலபமாகச் சிக்கும், படுக்கைக் கோடுகள் நழுவும். குறுக்குக் கோடு போட்ட புடவையில் ஃபோகஸ் நிற்கவில்லை என்றால் போனைப் பக்கவாட்டில் திருப்பித் தொட்டுப் பாருங்கள். சட்டென்று பிடிக்கும். வகுப்பில் இதைக் காட்டும்போது கொஞ்சம் மாயவித்தை போலத்தான் இருக்கும்.

இன்னொன்று: தொடும்போது வெளிச்சமும் சேர்ந்து மாறும். கருமையான இடத்தைத் தொட்டால் படம் முழுக்க வெளுக்கும். அப்போது பலர் வேறு இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஃபோகஸ் அங்கே தாவிவிடும். கட்டத்தின் பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தை அல்லது கம்பியை மட்டும் இழுங்கள்.

6. லாக்: கூட நேரம் செலவிட வேண்டிய மோடு இதுதான்

தொட்டு வைத்த ஃபோகஸ் நிரந்தரம் இல்லை. ஒரு கை குறுக்கே வந்தால், வெளிச்சம் மாறினால் போன் அதை மறந்துவிட்டு ஆட்டோவுக்குத் திரும்பும். லாக் போட்டால் நீங்கள் விடுவிக்கும்வரை லென்ஸ் அங்கேயே நிற்கும்.

ஐபோனிலும் சாம்சங்கிலும் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் லாக் ஆகும். ஐபோனில் மேலே மஞ்சள் பட்டையில் ஏஇ/ஏஎஃப் லாக் என்று ஆங்கிலத்தில் வரும். வேறு சில போன்களில் தொட்டவுடன் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்தைத் தொட வேண்டும். விடுவிக்க வேறெங்காவது ஒரு முறை தொட்டால் போதும். இதில்தான் ஆபத்தும்: தெரியாமல் விரல் பட்டாலே லாக் போய்விடும். ஷட்டரை அழுத்தும் முன் பூட்டுச் சின்னத்தை ஒரு பார்வை பாருங்கள்.

லாக்குக்கு வரிசை கொஞ்சம் வேறு: தூரம், லாக், வெளிச்சம், கடைசியாக, தூரம் மாறாமல், சட்டகம். லாக் வெளிச்சத்தையும் சேர்த்துப் பூட்டுகிறது. அதற்கப்புறம் சூரியச் சின்னத்தை இழுத்தால் ஃபோகஸ் அசையாமல் வெளிச்சம் மட்டும் மாறும். முதலில் வெளிச்சத்தைத் திருத்திவிட்டு லாக் போட்டால், அழுத்திப் பிடிக்கும்போதே அந்தத் திருத்தம் அழிந்துவிடும்.

கார்த்திகை அகல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சுடரைத் தொடுவார்கள். சுடர் வெறும் வெளிச்சத் திட்டு, ஆடிக்கொண்டும் இருக்கும். அதில் போனுக்குப் பிடிக்கத் தெளிவான ஓரம் கிடையாது. திரிக்குப் பக்கத்தில் உள்ள அகலின் விளிம்பை அழுத்திப் பிடித்து லாக் போடுங்கள். விளிம்பு திரியின் தூரத்திலேயே இருக்கிறது, அது போதும். இப்போது சுடர் வெள்ளையாக வெடித்துத் தெரியும். சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். சுடருக்குள் மஞ்சளும் அடியில் நீலமும் பிரிந்து வரும் இடத்தில் நிறுத்துங்கள். விளக்கு வரிசை நீளமாக இருந்தால், எந்த அகல் தெளிவாக வேண்டும் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். எல்லாம் வேண்டும் என்றால் பின்னால் வந்து எடுப்பது தவிர வழியில்லை.

இருட்டில் எதுவுமே பிடிக்கவில்லை என்றால் பதிலி வையுங்கள். அதே தூரத்தில் ஒரு புத்தகத்தையோ எழுத்து உள்ள தீப்பெட்டியையோ நிறுத்தி, இன்னொரு போனின் டார்ச்சை அதன்மேல் அடித்து, லாக் போட்டு, பிறகு இரண்டையும் எடுத்துவிடுங்கள். போனுக்கு வேண்டியது தூரம் மட்டும்தான் என்பது புரிந்துவிட்டால் இந்த மாதிரி வழிகள் தாமாகவே தோன்றும்.

வீடியோவில் லாக் இன்னும் அவசியம். தோசை வார்க்கும் வீடியோவில் கரண்டி உள்ளே வரும்போதெல்லாம் கல் மங்கித் தெளிகிறதே, அது தொடர் ஃபோகஸ் கையைத் துரத்துவது. ஆவி எழும்போதும் அப்படித்தான். ஸ்டாண்டில் வைத்து, மாவு ஊற்றும் முன் கல்லின் ஓரத்தைப் பூட்டி, அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். பதிவு ஓடும்போது போட்டால் அந்தத் தேடலும் வீடியோவில் பதிவாகிவிடும். ஐபோன் அமைப்புகளில் வீடியோ பதிவுப் பகுதியில், பதிவின்போது லென்ஸ் மாறாமல் தடுக்கும் தேர்வும் உண்டு. அதையும் போட்டுவிட்டால் நடுவில் படம் குதிக்காது.

கல்யாண முகூர்த்தம் இதற்கான பரீட்சை. தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், குறுக்கே நாலு கை வரும். ஆட்டோவில் இருந்தால் போன் அரிசியையும் கையையும்தான் பிடிக்கும். கெட்டிமேளத்துக்கு முன்பே மணப்பெண்ணின் கழுத்து மாலையைப் பூட்டிவிட்டு, நின்ற இடத்திலிருந்து நகராமல் இருங்கள். மூன்று மீட்டருக்கு அப்பால் நின்றால் கொஞ்சம் நகர்ந்தாலும் கவலையில்லை. நாலாவது படியில் சொன்ன கணக்கு இங்கே கை கொடுக்கும்.

7. மேக்ரோ என்ற பெயரில் மூன்று வேறு விஷயங்கள்

ஒன்று, தனி மேக்ரோ லென்ஸ். மலிவு விலைப் போன்களில் வரும் 2 மெகாபிக்சல் லென்ஸ் இது. பெரும்பாலும் 4 செ.மீ. தூரத்தில் நிலையாக வைத்திருப்பார்கள். தொட்டாலும் நகராது, நீங்கள்தான் முன்னும் பின்னும் நகர்ந்து தெளிவைப் பிடிக்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், முதன்மைக் கேமராவில் 10 செ.மீ. தள்ளி எடுத்து வெட்டிய படம் பெரும்பாலும் இதைவிட நன்றாக வரும்.

இரண்டு, அகலக் கோண லென்ஸை மேக்ரோவாகப் பயன்படுத்துவது. 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 செ.மீ. வரை கிட்டே போகும். அது இந்த வழியில்தான். கிட்டே போனதும் போன் தானாகவே லென்ஸை மாற்றிக்கொள்ளும், திரையில் ஒரு பூச் சின்னம் வரும். வேண்டாம் என்றால் அதைத் தொட்டு அணைக்கலாம். பிரச்சினை நிழல். 2 செ.மீ. தூரத்தில் போனின் நிழலே பொருள்மேல் விழும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருமாறு உட்காருங்கள்.

மூன்று, சில ஆப்களில் வரும் மேக்ரோ ஃபோகஸ் மோடு. இது லென்ஸை மாற்றாது. ‘கிட்டத்திலிருந்து தேடத் தொடங்கு’ என்று போனுக்குச் சொல்வது மட்டும்தான். எல்லையைக் குறைக்காது, தேடும் நேரத்தைக் குறைக்கும்.

எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கண்ணாக விரலால் மூடிப் பாருங்கள். திரை இருண்டால் அதுதான். 3x போட்டுவிட்டுக் கிட்டே போகும்போது இதைச் செய்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது: பல போன்கள் டெலிஃபோட்டோவை (தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் தனி லென்ஸை) விட்டுவிட்டு முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். டெலிஃபோட்டோவின் குறைந்தபட்சத் தூரம் கூட என்பதால் அப்படி.

கிட்டத்துப் படத்துக்கு நான் செய்வது வேறு. லாக் போட்டுவிட்டு உடம்பை மட்டும் அரை செ.மீ. அரை செ.மீ. ஆக முன்னும் பின்னும் ஆட்டி ஏழெட்டுப் படம் எடுத்துவிடுவேன். மல்லிகை மொட்டின் நுனி ஒன்றில் தெளிவாக இருக்கும், காம்பு இன்னொன்றில். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

8. மேனுவல் ஃபோகஸ் எதற்கு

சாம்சங் போன்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் ப்ரோ மோடுக்குள், விரலால் இழுத்து ஃபோகஸை நகர்த்தும் ஒரு கம்பி திரையில் இருக்கும்: ஒரு முனையில் பூ, மறு முனையில் மலை. ஐபோனின் சொந்தக் கேமராவில் இது இல்லை. ஹேலைடு போன்ற ஆப் வேண்டும். ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமராவிலும் உண்டு. போன் அனுமதித்தால்தான், அதுவும் பல போன்களில் அமைப்புகளில் கேமரா2 என்ற தேர்வை மாற்றிய பிறகுதான் அந்தக் கம்பி தெரியும்.

கம்பியை இழுக்கும்போது சில போன்களில் தெளிவாக உள்ள ஓரங்கள் பச்சையாகவோ வேறு நிறத்திலோ ஒளிரும். அது பீக்கிங். அந்த நிறம் படத்தில் விழாது. வெயிலில் திரை தெரியாதபோது இதுதான் துணை.

மலைப் பக்கம் கை வைக்கும்போது மெதுவாக. 5.5 மி.மீ. குவியத் தூரம் உள்ள லென்ஸ், முடிவிலியிலிருந்து ஒரு மீட்டருக்கு வர 0.03 மி.மீ. நகர்ந்தால் போதும், 10 செ.மீ.க்கு வர 0.3 மி.மீ. நகர வேண்டும். லென்ஸின் பயணத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒரு மீட்டருக்குள்ளேயே செலவாகிறது. பல போன்களில் கம்பியும் அதற்கேற்பத்தான் இருக்கும். தூரத்துக் காட்சிக்கு மயிரிழை அசைவே அதிகம்.

கடைசி மலை முனைதான் முடிவிலி என்றும் எண்ண வேண்டாம். லென்ஸ் அதையும் தாண்டிக் கொஞ்சம் போக இடம் விட்டிருப்பார்கள். நிலா, நட்சத்திரம், தீபாவளி வாணம் எடுக்கும்போது முனையிலிருந்து ஒரு துளி பின்னால் இழுத்து, தூரத்துத் தெருவிளக்கு எங்கே மிகச் சிறிய புள்ளியாகிறதோ அங்கே நிறுத்துங்கள். வாணத்துக்கு முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். வெடித்த பிறகு தேடினால் வானம் மறுபடி கருப்பு.

இன்னொரு இடம், கம்பிக்கும் வலைக்கும் அப்பால் உள்ளவை. வண்டலூர் பூங்காவில் வலைக்குப் பின்னால் இருக்கும் பறவையை ஆட்டோவில் எடுத்தால் வலைதான் தெளிவாக வரும்; அதற்குத்தான் நல்ல ஓரம் இருக்கிறது. லென்ஸை வலைக்கண்ணுக்குள் ஒட்டி வைத்து, திரையில் உள்ள ஃபோகஸ் கம்பியை மலைப் பக்கம் தள்ளுங்கள். வலை கரைந்து காணாமல் போகும். பேருந்து ஜன்னல் கண்ணாடிக்கும் இதே வழி. லேசரால் தூரம் அளக்கும் போன்கள் கண்ணாடியிலேயே முட்டி ஏமாறும். மேனுவல் இல்லாவிட்டால் தூரத்து மரத்தைப் பூட்டி லாக் போட்டுக்கொள்ளுங்கள்.

9. போர்ட்ரெய்ட் ஃபோகஸ் மோடு இல்லை

பின்னணி மங்குவதைப் பார்த்து இதையும் ஃபோகஸ் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். லென்ஸ் எடுத்த படத்தில் மென்பொருள் பிறகு பூசும் மங்கல் அது. மங்கலின் அளவைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். முகமே ஃபோகஸ் தப்பி விழுந்திருந்தால் எந்தக் கம்பியும் அதை மீட்காது. ஆகவே இங்கேயும் முதலில் கண்ணைத் தொடுங்கள். தலைமுடி, மூக்குத்தி, ஜிமிக்கியின் தொங்கல் போன்ற மெல்லிய ஓரங்களை மென்பொருள் வெட்டித் தின்றுவிடும். நகை விற்பவர்கள் இந்த மோடுப் பக்கமே போக வேண்டாம்.

10. ஓடுவதைப் பிடிக்க

சில போன்களில் பின்தொடரும் ஃபோகஸ் உண்டு. அமைப்புகளில் போய் இயக்க வேண்டியிருக்கும். ஒரு முறை தொட்டால் கட்டம் குழந்தையோடு நகரும். நல்ல வெளிச்சத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே நிறச் சீருடையில் இருபது பிள்ளைகள் ஓடும்போது பக்கத்துப் பிள்ளைக்குத் தாவிவிடும்.

எனக்குப் பிடித்தது பழைய வழி. குழந்தை வரப்போகும் இடத்தில் தூரத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருப்பது. ஊஞ்சல் என்றால் அது முன்னால் வந்து ஒரு கணம் நிற்கும் உச்சி. அங்கே நிற்கும் கம்பத்தைப் பூட்டி, ஊஞ்சல் வரும்போது தொடர் படம் எடுங்கள். ஓடும் பொருளை போன் துரத்தினால் எப்போதும் அரை அடி பின்னால்தான் இருக்கும்.

11. எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்

போனைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் டக் டக் என்று கேட்கலாம். பயப்பட வேண்டாம், கை ஆட்டத்தை ஈடுகட்டும் நிலைப்படுத்தியில் மிதக்கும் லென்ஸின் சத்தம் அது. கேமரா திறந்திருக்கும்போதும் படம் தானாக அதிர்ந்தால், அல்லது எந்தத் தூரத்திலும் கட்டம் நிற்காமல் போனால் உள்ளே பழுது இருக்கலாம்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டி வழி பார்ப்பவர்கள் கவனியுங்கள். ஆப்பிள் நிறுவனமே 2021-இல், சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தியையும் ஆட்டோ ஃபோகஸையும் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. ஸ்கூட்டர்களுக்கு அதிர்வைத் தாங்கும் மவுண்ட் போடச் சொன்னது. மிதக்கும் லென்ஸ் உள்ள எந்தப் போனுக்கும் இது பொருந்தும்.

போனில் தெளிவாக இருக்கும் படம் வாடிக்கையாளருக்குப் போனதும் மங்குகிறது என்றால் அது கேமராவின் குற்றமே இல்லை. வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அனுப்பும் திரையில் எச்டி சின்னத்தைத் தொடுங்கள், அல்லது டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். அந்த ஜிமிக்கிக்காரர் இரண்டாவது வாரம் நல்ல படத்தோடு வந்தார். அவர் காட்டியது தெளிவு, எனக்கு அனுப்பியது மங்கல். மறுபடி “அண்ணா, லாக் போட்டுத்தான் எடுத்தேன்!” என்றார். உண்மையாகவே போட்டிருந்தார்.